பெரிய பிரேக் மாட்டியும் அதே இடத்தில் நிற்பது எப்படி?

உங்களிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. மிதித்தால் நிற்கிறது. இதை இப்படியே விட்டுவைக்க முடியாது. கீழே சொல்லியிருப்பதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள். மீதியையும் இன்றே முடித்துவிடுவோம்.

1. பிரேக்கைக் கண்ணால் தேர்ந்தெடுங்கள்.

அலாய் வீலின் கம்பிகளுக்கு நடுவே எது பளிச்சென்று தெரிகிறதோ அதுதான் நல்ல பிரேக். டிஸ்க் பெரிதாக இருக்கட்டும், துளை போட்டிருக்கட்டும். கேலிப்பரில் நாலு பிஸ்டன் என்றால் ஆறு கேளுங்கள், ஆறு என்றால் எட்டு கேளுங்கள். நிறத்தில் கஞ்சத்தனம் கூடாது. போர்ஷேயில் மஞ்சள் கேலிப்பர் இருந்தால் உள்ளே கார்பன் செராமிக் டிஸ்க் இருக்கும். உங்கள் வண்டியில் மஞ்சள் இருந்தால் உள்ளே பெயின்ட் கடை பில் இருக்கும். சிக்னலில் பக்கத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

அதுவும் கட்டுப்படியாகாதவர்களுக்காகச் சிவப்பு பிளாஸ்டிக் மூடி விற்கிறார்கள். டிரம் பிரேக்கின் மேலேயே அதை ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு. இந்தக் கலையில் நமக்கெல்லாம் மூத்தவர்கள் அவர்கள்தான். செலவு குறைவு, நிற்கும் தூரத்தில் பலன் ஏறக்குறைய அதே.

2. டயர் பக்கம் திரும்பாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டு, 23-ஆவது வாரம் தயாரானது. படிக்காதீர்கள். படித்தால் வயது தெரியும், வயது தெரிந்தால் மனசு கேட்காது. மெக்கானிக் குனிந்து, கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்த்துவிட்டு, “அண்ணே, டயர் கல்லாயிடுச்சுண்ணே. மொதல்ல இத மாத்துங்க” என்பார். ஏமாறாதீர்கள். அவருக்கு வண்டி நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் கவலை.

வண்டி ரோட்டைத் தொடுவது நாலே இடத்தில், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட உள்ளங்கை அளவு. பிரேக் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்த நாலு உள்ளங்கை தாங்குகிற அளவுக்குத்தான் வேகம் குறையும். இதை மறந்துவிடப் பழகுங்கள். இனி வரும் செலவு முழுவதும் இந்த மறதியை நம்பித்தான் இருக்கிறது.

3. ஏபிஎஸ் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆளில்லாத ரோட்டில் ஓங்கி மிதித்தால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கிறது, ஏபிஎஸ் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. அதாவது, கம்பெனி கொடுத்த பிரேக்குக்கே டயரின் பிடிப்பை மிஞ்சுகிற பலம் இருக்கிறது. நீங்கள் அதை “பிரேக் பத்தல” என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போடுகிறவர்களோடு சேராதீர்கள். காய்ந்த தார் ரோட்டில் டயர் ஒரு ஜி அளவுக்குப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க சுமார் 39 மீட்டர். இந்தக் கணக்கில் வேகம் வரும், டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வு வரும். வண்டியின் எடைகூட அடிபட்டுப்போகும். டிஸ்க்கின் விட்டம் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வரவே வராது. பிளஸ் ஒன் இயற்பியல்தான். பரீட்சையோடு விட்டது நல்லதாகப் போயிற்று.

4. அவசரத்தில் அரைகுறையாக மிதியுங்கள்.

ஆபத்து வந்தால் பெரும்பாலானவர்கள் சட்டென்று மிதிக்கிறார்களே தவிர முழுப் பலத்தோடு மிதிப்பதில்லை என்று பார்த்துத்தான் மெர்சிடிஸ் 1996-இல் பிரேக் அசிஸ்ட்டைக் கொண்டுவந்தது. நீங்கள் அந்தப் பெரும்பாலானவர்களோடே இருங்கள். மிதிப்பதையும் தாமதமாகவே செய்யுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடும். போனில் வந்த சிரிப்பு பொம்மையைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள், எட்டு பிஸ்டனும் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

5. முன்னால் மட்டும் மாற்றுங்கள்.

கண்ணில் படுவது முன்சக்கரம்தான். பின்னால் பழையதே கிடக்கட்டும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று கம்பெனிக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த பாகப்பிரிவினையை ஒரே சாயங்காலத்தில் கலைத்துவிடலாம். முன் கேலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடினால் முன் டயர்கள் சீக்கிரமே தங்கள் எல்லைக்கு வந்துவிடும். பின் டயர்களில் மிச்சமிருக்கும் பிடிப்பு யாருக்கும் உதவாமல் போகும். நிற்கும் தூரம் கூடிவிடவும் வாய்ப்புண்டு.

மாஸ்டர் சிலிண்டரைத் தொடாதீர்கள். பெரிய பிஸ்டன்களைத் தள்ள ஆயில் கூடுதலாக வேண்டும், பெடல் இன்னும் கீழே இறங்கும். “ரேஸ் கார் ஃபீல்” என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். வித்தியாசமாகச் செய்துதான் ஆக வேண்டும் என்றால் பின்னால் மட்டும் பெரிதாக்கலாம். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியாக இருந்தால் இன்னும் விசேஷம்: பின்சக்கரம் முதலில் பூட்டும், வண்டி சுழலும், வந்த வழியைப் பார்த்தபடி நிற்பீர்கள்.

6. ரிம் இடிக்கும். சந்தோஷப்படுங்கள்.

புதுக் கேலிப்பர் பழைய ரிம்முக்குள் அடங்காது. 18 இன்ச் வாங்குங்கள். அதற்குப் புது டயர் நாலும் வாங்க வேண்டிவரும். அதை டயர் செலவு என்று எழுதாதீர்கள், பிரேக் கணக்கில் சேருங்கள். ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

7. காய்கறி வாங்கப் போக ரேஸ் பேட் போடுங்கள்.

சூடேறினால்தான் பிடிக்கும் பேட் அது. காலையில் தெருமுனையில் முதல் மிதிக்கு அது தூங்கிக்கொண்டிருக்கும். கீச்சென்ற சத்தம் மட்டும் விழித்திருக்கும்.

8. பிரேக் ஆயிலைக் குலச்சொத்தாகக் காப்பாற்றுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் தரக்கட்டுப்பாடு கேட்பது வெறும் 155 டிகிரி. அந்த ஆயிலோடு ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்குங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள். கீழ் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே வாருங்கள். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும். ஆவியை அழுத்தலாம், ஆனால் அது பிஸ்டனைத் தள்ளாது. லட்ச ரூபாய் கேலிப்பருக்கும் ஒட்டிய பிளாஸ்டிக் மூடிக்கும் அந்த வளைவில் வித்தியாசம் கிடையாது.

இடையில் ஓர் எச்சரிக்கை. பெரிய பிரேக்கால் நிஜமாகவே பயன் கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது, தவறிப்போய் அங்கே போய்விடாதீர்கள். பிரேக்கின் வேலை வேகத்தைச் சூடாக மாற்றுவது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று அழுத்தி மிதித்தால் சின்ன டிஸ்க் தாங்காது, பேட் வழுக்க ஆரம்பிக்கும். பெரிய டிஸ்க் மெதுவாகச் சூடேறும், சீக்கிரம் ஆறும், அதனால் இருபதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே நிற்கும். 1953-இல் ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்கோடு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றதில் இந்தச் சங்கதிக்குப் பெரிய பங்கு உண்டு. டிரம் பிரேக் வைத்திருந்தவர்கள் பிரேக் சூடேறிவிடுமே என்று முன்கூட்டியே மிதிக்க, ஜாகுவார்காரர்கள் வளைவுக்கு வெகு அருகில் வந்து மிதித்தார்கள், விடிய விடிய. டிராக்குக்குப் போகிறவர் பெரிய பிரேக் வாங்கினால் அது நியாயமான செலவு. நாம் செய்வது அதுவல்ல. ஈசிஆரில் காபி குடிக்கப் போய்வர வாங்குகிறோம்.

நல்ல டயர், புது ஆயில், ரோட்டுக்கு ஏற்ற பேட் என்று ஆரம்பிக்கிறவர்களிடமும் ஜாக்கிரதை. மூன்றும் சேர்ந்து பெரிய பிரேக்கின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மாட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது.

9. கடைசியாக, நிரூபித்துக் காட்டுங்கள்.

முதலில் காலால் சோதியுங்கள். லேசாகத் தொட்டதுமே கடிக்கிறதா? அது போதும். கடிப்பது வேறு, நிற்கும் தூரம் வேறு என்று ஒருவர் டேப்பை நீட்டினால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

டேப் பிடித்தே தீருவேன் என்கிறாரா? இப்போதுதான் ஆறாவது படி கைகொடுக்கும். “முன்பு” என்பதைக் கல்லான பழைய டயரில், மணல் படிந்த ரோட்டில் அளந்து வைத்திருங்கள். “பின்பு” என்பதைப் புது ரிம்மோடு வந்த புது டயரில், துடைத்த தார் ரோட்டில் அளந்து பாருங்கள். வண்டி நிஜமாகவே சில மீட்டர் முன்னதாக நிற்கும். பாராட்டு முழுவதையும் மஞ்சள் கேலிப்பருக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய பிரேக்கை இதே டயரோடு மாட்டி இன்னொரு தடவை அளக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். அதனால்தான் சொல்கிறேன்: கழற்றிய பிரேக்கை அன்றைக்கே காயலான் கடையில் போட்டுவிடுங்கள்.