உயில்காரர்

கொங்கு நாட்டுச் சொந்தபந்தத்தில் எப்படியும் ஓர் உயில்காரர் இருப்பார். வயது எழுபதுக்கு மேல். பீரோச் சாவி எப்போதும் இடுப்பில். தானே கட்டிய ஓட்டு வீடு, ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு, பங்காளிக் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, இவ்வளவுதான் ஆஸ்தி. இதை வைத்துக்கொண்டு இரண்டு மகன், ஒரு மகள், இரண்டு மருமகள், ஒரு மருமகன் அத்தனை பேரையும் வருஷக்கணக்கில் மரியாதையாகப் பேச வைத்திருக்கிறார் என்றால், அந்தத் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவர் கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை. "வக்கீலை ஒரு எட்டுப் பார்த்துட்டு வரோணும்" என்பார். அதற்கே வீடு அடங்கிவிடும். ரசத்தில் உப்புக் கூடிய அன்று அப்படிச் சொன்னால், மறுநாள் ரசத்தோடு பாயசமும் வரும். பெங்களூர்ச் சின்னவன் பொங்கலுக்கு வரவில்லையா? தோப்பின் தென்புறம் பெரியவன் பேருக்குப் போய்விடும். பெரியவன் புதுக் காரில் முதலில் மாமனாரை ஏற்றினானா? அதே தென்புறம் சின்னவனிடம் திரும்பும். அந்தத் தோப்பு மரங்கள் நடந்த தூரத்தைப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள்கூட நடந்திருக்க மாட்டார்கள்.

"வீடு உனக்குத்தான் கண்ணு, வெளிய மூச்சு விடாதே" என்று மூன்று பிள்ளைகளிடமும் தனித்தனியே சொல்லியிருக்கிறார். மூவரும் அப்பா பேச்சைத் தட்டாமல் இன்றுவரை மூச்சு விடவில்லை.

அவருக்கு அரைகுறையாகச் சட்டம் தெரியும் என்பதுதான் குடும்பத்தின் கஷ்டம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை. உயிர் இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் தன்னை மனதில் வைத்தே எழுதப்பட்டதாக அவர் நம்புகிறார். "செட்டில்மென்டா எழுதிட்டா வேலை முடிஞ்சுதுங்கப்பா" என்று பெரியவன் மெல்ல ஆரம்பித்தால் சிரிப்பார். செட்டில்மென்ட் என்றால் சொத்து உடனே கைமாறிவிடும். அப்புறம் ரசத்தில் உப்புக் கூடினால் யாரிடம் போய்ச் சொல்வது?

உயிலுக்குச் சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். நாளைக்குத் தகராறு என்று வந்தால், அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் ஏறி, "என் கண் முன்னாடிதான் கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டியிருக்கும். உயில்காரர் தேர்ந்தெடுத்த சாட்சிகளில் ஒருவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, மற்றவருக்குக் காது கேட்காது. இருவரும் அவரைவிட மூத்தவர்கள். "கொஞ்சம் இளவயசா ரெண்டு பேரைப் போடுங்க" என்றார் வக்கீல். "சின்னப் பசங்களுக்குப் பொறுப்புப் பத்தாதுங்க" என்று பதில் வந்தது.

மகள் பேச்சு வந்தால், "அம்மிணிக்குக் கல்யாணத்துலயே பவுன் போட்டாச்சு" என்று கணக்கை முடித்துவிடுவார். வக்கீல் விடவில்லை. தோப்பு பூர்வீகமா, சுயார்ஜிதமா என்று கேட்டார். பூர்வீகம் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் வருஷத் திருத்தப்படி மகளும் பிறப்பிலேயே பங்காளி, அப்பா தன் பங்குக்கு மட்டும்தான் உயில் எழுத முடியும் என்றார். அன்றிலிருந்து அந்த வக்கீல் சரியில்லை.

கடைசியில் ஒருநாள், பேரனின் காதுகுத்துப் பத்திரிகையில் தன் பெயருக்கு மேலே சம்பந்தியின் பெயரைக் கண்டார். இருந்த உயிலைச் சுக்குநூறாகக் கிழித்தார். புதியதை வளர்பிறை முகூர்த்தத்தில் எழுதுவதாக அறிவித்தார். அதற்குள் காலன் வேறு முகூர்த்தம் பார்த்துவிட்டான்.

காரியம் முடிந்ததும் பிள்ளைகள் பீரோவைத் திறந்தார்கள். பழைய உயில்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பிரயோசனமில்லை. ஒருமுறை ரத்தான உயில், பிந்தியதைக் கிழித்துவிட்டதால் மட்டும் உயிர்பெற்று எழாது. உயில் இல்லாதவருக்கு 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் உயில் எழுதியது: வீடும், தோப்பில் அவருக்கிருந்த பங்கும் மனைவி, இரண்டு மகன், மகள் என நாலு சமபாகம். அவர் இத்தனை வருஷம் மாற்றி மாற்றி எழுதிய கணக்கைச் சட்டம் ஒரே வரியில் முடித்துவிட்டது.

அந்தக் கட்டில் எந்த உயிலிலும் ஆத்தா பெயர் இல்லை. அவர் இருக்கும்போதே தான் போய்விடுவோம் என்று ஆத்தாவும் நினைத்திருந்தது. இப்போது நாலில் ஒரு பாகத்துக்குச் சொந்தக்காரி. பெரிய மருமகள் தினமும் பாயசம் வைக்கிறாள். சின்னவன் பொங்கலுக்குக் காத்திராமல் வாராவாரம் வருகிறான்.

பெரியவர்களே, உயில் எழுதுவதானால் எழுதிவிடுங்கள். உங்களைவிட இளையவர்கள் இரண்டு பேரைச் சாட்சி போடுங்கள். முக்கியமாக, இத்தனை காலம் அந்த ரசத்தை வைத்தவள் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.