மணிக்கு நாலு மைல்

இங்கிலாந்துக் கால்வாயில் படகில் குடியிருக்கிறோம் என்று சொன்னால் போதும், ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: "ஆகா, எவ்வளவு நிம்மதியா இருக்கும்!" அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. குடும்ப வாட்ஸ்அப்பில் நான் போடும் படங்கள் அப்படி. தண்ணீரில் வாத்து, கூரைமேல் பூந்தொட்டி, கையில் காபியோடு என் வீட்டுக்காரர். அந்தப் படங்களில் கக்கூஸ் வராது.

லண்டன் வீட்டு வாடகைதான் எங்களைத் தண்ணீரில் தள்ளியது. இந்தப் படகுக்கு நாரோபோட் என்று பெயர். எங்களுடையது 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். அந்த அகலத்தை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் மத்திய இங்கிலாந்தில் கால்வாய் வெட்டியபோது, படகை மேட்டில் ஏற்றி இறக்கும் லாக்குகளை ஏழடி அகலத்தில் கட்டிவிட்டார். அவர் மிச்சம் பிடித்த செங்கல்லுக்கு நாங்கள் இன்றைக்கும் ஒருக்களித்து நடக்கிறோம். இரண்டு பக்கச் சுவரும் போக உள்ளே மிஞ்சுவது ஆறடி. அதில் அடுப்பும் அலமாரியும் போனால் நடைவழி ஓர் ஆளுக்குத்தான். சண்டை போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டுமென்றாலும், "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று வீட்டுக்காரரிடமே கேட்டுத்தான் போகவேண்டும். முறைத்துக்கொண்டு கேட்டால் மரியாதையாக இருக்காது. அதனால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ஒரே இடத்தில் நிரந்தரமாகப் படகைக் கட்டிவைக்கத் தனிக் கட்டணம் உண்டு. அது கட்டுபடியாகாதவர்கள் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். ஓரிடத்தில் 14 நாளுக்குமேல் தங்கக்கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். இதை அம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நரை விழுந்துவிட்டது.

"இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?"

"ரிக்மன்ஸ்வொர்த்மா."

"போன மாசம் வேற பேரு சொன்னியே. ஏன்டி, மாப்பிள்ளை யாருக்காவது கடன் பாக்கியா?"

நகர்வது என்றால் ஏதோ பறப்பது என்று நினைக்கவேண்டாம். கால்வாயில் உச்சபட்ச வேகமே மணிக்கு நாலு மைல். கட்டிக்கிடக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே குடியிருப்பவர் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்ப்பார். திட்டமாட்டார், பார்ப்பார், அதுவே போதும். கரைப்பாதையில் நாயோடு நடக்கிற தாத்தா எங்களை முந்திப் போவார். மதியம் அடுத்த பாலத்தடி பப்பில் உட்கார்ந்துகொண்டு, "வந்துட்டீங்களா?" என்று விசாரிப்பார்.

குழாயில் வரும் தண்ணீர் நாங்களே கரையில் பிடித்து நிரப்பியது. குளிர்காலத்தில் அடுப்புக்கு நிலக்கரி, நாங்களே சுமந்தது. இதெல்லாம் பழகிவிடும். பழகாதது கேசட். கக்கூஸுக்கு அடியில் இருக்கும், சுமார் 20 லிட்டர் பிடிக்கிற பெட்டி அது. நிரம்பியதும் உருவி எடுத்து, கழிவு கொட்டும் இடம் வரைக்கும் கரையோடு இழுத்துக்கொண்டு போகவேண்டும். அந்த வேலை என் வீட்டுக்காரருடையது. வழியில் எதிரே இன்னொரு படகுக்காரர் அதே மாதிரிப் பெட்டியோடு வந்துவிட்டால், இரண்டு பேரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்று வானிலை பேசுவார்கள். மழை வருமா, போன வருஷம் இதே நாளில் எப்படி இருந்தது என்று சாவகாசமாக. இரண்டு பேர் கண்ணும் தப்பித்தவறிக்கூடக் கீழே இறங்காது. ஆங்கிலேய நாகரிகத்தின் உச்சம் அதுதான் என்பது என் கட்சி.

சவுத்தால் பக்கம் போனபோது தண்ணீரில் தேங்காய் மிதந்து வந்தது, மஞ்சள் குங்குமத்தோடு. பக்கத்துப் படகு அம்மாள், இங்கே எங்கே தென்னை மரம் என்று திகைத்து நின்றார். யாரோ வேண்டுதலுக்கு விட்டது என்று விளக்கினேன். "பலித்ததா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் எஞ்சின் இருமியது. படகைத் தள்ளும் அடிவிசிறியில் யாரோ எறிந்த துணி சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்து, பின்பக்க மூடியைத் திறந்து, முழங்கைக்கும்மேல் குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டுக் கத்தியால் அறுத்து எடுக்கவேண்டும். அவர் எடுத்துக் காட்டியது ஒரு பழைய ஜீன்ஸ். அளவு சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

இனி லாக். மேட்டுக்குப் படகை ஏற்ற இரண்டு முனையிலும் கதவு போட்டுக் கட்டிய தொட்டி. படகை உள்ளே விட்டுக் கீழ்க்கதவைச் சாத்தி, விண்ட்லஸ் என்கிற வளைந்த இரும்புப்பிடியை மாட்டிச் சுற்றினால் மடை திறந்து மேலிருந்து தண்ணீர் பாயும், படகு எழும்பும். மட்டம் இரண்டு பக்கமும் சமமாகிறவரை பீமனே வந்தாலும் மேல்கதவு அசையாது. சமமானதும் முதுகைக் கொடுத்துத் தள்ளவேண்டும். டிவைசஸ் ஊரில் இப்படி இரண்டு மைலுக்குள் 29 லாக். அதில் 16, கேன் ஹில் குன்றின்மேல் வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று. ஏறி முடிக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும்.

இந்த நாட்டுக் கால்வாய்களில் நான் ஓயாமல் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. ஆண் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கப்பல் கேப்டன் தோரணையில் நிற்பார். மனைவி கரையில் இறங்கி, டன் கணக்கில் எடையுள்ள கதவை முக்கி முக்கித் தள்ளிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான் இருந்தது. கேட்டதற்கு அவர் சொன்னார்: "சுக்கான் லேசுப்பட்டதில்ல. படகு வலது பக்கம் போகணும்னா இடது பக்கம் தள்ளணும்."

"கல்யாணம் ஆனதிலிருந்து உங்ககிட்ட நான் செய்யறது அதுதானே," என்றேன்.

நியாயமாகச் சொன்னால் அவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கீழே இறங்கும்போது மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பகுதி அதில் மாட்டினால் தண்ணீர் இறங்க இறங்கப் படகு தொங்கிவிடும், மூழ்கவும் செய்யும். கண் அகலாமல் நிற்கவேண்டும். ஆனால் கண் பெண்களுக்கும் உண்டு. கேன் ஹில்லில் ஏழாவது லாக்கில் விண்ட்லஸை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் சுக்கானுக்கு ஏறினேன். அன்றிலிருந்து இறங்கவில்லை.

லாக் இருக்கும் இடமெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் நிற்கும், ஐஸ்கிரீமும் போனுமாக. நீங்களும் இங்கிலாந்து வந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். அங்கே கதவில் முதுகைக் கொடுத்து, மூச்சு வாங்க ஒரு தமிழர் நின்றால், போட்டோவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கை கொடுங்கள். ஃபில்டர் காபி நான் தருகிறேன்.