புண்ணியம் செய்த இன்ஜின்

கொடுங்கையூரில் ஒரு இன்ஜின் உண்டு. போன ஜென்மத்தில் ஏகப்பட்ட புண்ணியம் செய்திருக்க வேண்டும். சென்னை கழுவிவிட்டதில் ஒரு பங்கு குழாய் வழியே அங்கிருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும். அடியில் தங்கும் கசடைக் காற்றுப் புகாத தொட்டியில் போட்டு, முப்பத்தைந்து டிகிரிச் சூட்டில் மூன்று வாரம் போல விட்டுவைத்தால், நுண்ணுயிர்கள் தின்று செரித்து ஏப்பம் விடும். நம் சாண எரிவாயுவுக்குப் பங்காளிதான் அந்த ஏப்பம். பத்துக்கு ஆறு பங்கு மீத்தேன். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் 2000-களின் நடுவிலேயே அதை எரித்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல காரியம், எனக்கு அதில் சண்டையில்லை.

ஏப்பத்தோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடும் வரும். அழுகின முட்டை நாற்றம். இன்ஜினுக்கு அது ஒத்துக்கொள்ளாது, உள்ளே அரித்துவிடும். அதனால் வாயுவைக் கழுவி, கந்தகத்தைப் பிரித்து, ஈரத்தை வடித்து, அப்புறம்தான் அதன் வாயில் ஊட்டுகிறார்கள். தலைப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற தாய் தோற்றாள்.

இதே வாயு உங்கள் தெருவிலும் உற்பத்தியாகிறது. டெண்டர் கிடையாது, திறப்பு விழா கிடையாது. மேன்ஹோல் மூடிக்கு அடியில் அதே கசடு, அதே காற்றில்லாத இருட்டு. அங்கே இறங்குவது ஆள். மூடியைத் தூக்கியதும் கரப்பான்பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடினால் இறங்கலாம். இடுப்பில் கயிறு, கையில் பக்கெட். சில இடத்தில் தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வழக்கமும் உண்டு. மீத்தேன் இருந்தால் குச்சியே பதில் சொல்லிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு கூடிப்போனால் நாற்றமும் தெரியாது. முதலில் மூக்கு சாகும், அப்புறம் மனிதன். விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் குதிப்பான். செய்தியில் ‘இருவர் பலி’, ‘மூவர் பலி’ என்று வருவது இப்படித்தான்.

‘விஷவாயு தாக்கி’ என்று எழுதுவார்கள், ஏதோ வாயு அரிவாளோடு வந்து மறித்ததுபோல. அனுப்பிவைத்தவன் பெயர் அந்த வரியில் இருக்காது. நிலையத்துக்குள் ‘உயிரி எரிவாயு’, சாக்கடைக்குள் ‘விஷவாயு’. இந்த ஊரில் வாயுவுக்குக்கூட இடத்துக்கு ஒரு பெயர். இறங்குகிறவனுக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரே சாதி.

மறுநாள் ஒப்பந்ததாரர் ‘எதிர்பாராத விபத்து’ என்பார். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 1895-லேயே கழிவுத் தொட்டி வாயுவைப் பிடித்துத் தெருவிளக்கு எரித்தார்கள் ஐயா! இன்னும் என்ன எதிர்பாராதது?

இப்போது கசடோடு பாசியையும் கலந்து வாயு எடுக்க ஆராய்ச்சி நடக்கிறது. பாசியின் செல் சுவர் முரடு, நுண்ணுயிரால் லேசில் கடிக்க முடியாது. அதனால் முன்கூட்டியே சூடுபடுத்தி இளக்கித் தருகிறார்கள். நுண்ணுயிருக்குப் பல் வலிக்கக் கூடாதே என்று கவலைப்படுகிற விஞ்ஞானம், மேன்ஹோல் வாசலுக்கு வந்தால் மட்டும் கரப்பான்பூச்சியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டாண்டுவரை சிறை என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படி உள்ளே போன ஒப்பந்ததாரரை உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. கொடுங்கையூர் இன்ஜினை அந்த விலைக்குத் தர மாட்டார்கள். சாக்கடைச் சாவுகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது தமிழ்நாடு. அதற்கு மட்டும் யாரும் பேனர் கட்டவில்லை.

நம் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பினால் நாமும் போனை எடுத்து, ‘ஒரு ஆளை அனுப்புங்க’ என்றுதான் சொல்கிறோம். இனிமேல் ஆள் கேட்காதீர்கள். கழிவு அகற்றும் உதவி எண் 14420-க்கு அடித்து, உறிஞ்சும் லாரி கேளுங்கள்.