எட்டாவது பிட்டும் வீட்டுத் திருடனும்

மனுஷக் குரலுக்கு ரேஷன் போட்டது டெலிஃபோன் கம்பெனிக்காரர்கள். காதலோ, கடனோ, சம்பந்திச் சண்டையோ, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400-க்கு மேலேயும் பேசாதே என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். போனில் ‘எஸ்’ என்றால் எதிர்முனையில் ‘எஃப்’ என்று எழுதிக்கொள்வது அதனால்தான். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, ஆளுக்கு 4000 ஹெர்ட்ஸ்.

இந்தக் குரலை எண்ணாக்கி அனுப்பலாமே என்று 1937-லேயே பாரிஸில் உட்கார்ந்து யோசித்தார் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர். யோசனை அருமை; வால்வு காலத்தில் செய்தால் கம்பெனி மஞ்சக் கடுதாசிதான். டிரான்சிஸ்டர் பிறந்து, 1962-ல்தான் அமெரிக்காவில் பெல் கம்பெனி டி1 லைனை இறக்கியது.

4000 ஹெர்ட்ஸ் குரலை நொடிக்கு 8000 தடவை அளக்க வேண்டும். தடவைக்கு 8 பிட். ஆளுக்கு 64,000. ஒரே லைனில் 24 பேர் ஒண்டுக்குடித்தனம் என்றால், எல்லாருக்கும் ஒரு தடவை முறை வந்துபோகும் ஒரு சுற்றுக்கு 192 பிட். சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்ட வாசலில் ஒன்று, ஆக 193. நொடிக்கு 15,44,000 பிட். கணக்கு பிரமாதம். ஆனால் போனை எடுத்தார், வைத்தார், நம்பர் சுற்றினார் என்ற சேதியெல்லாம் எப்படிப் போகும்? அதற்கென்று தனி இடமே விடவில்லை!

குடித்தனக்காரரிடமே திருடினார்கள். ஆரம்பத்தில் எட்டாவது பிட்டை நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டவர்கள், பிற்பாடு மனமிரங்கி ஆறு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் கை வைத்தார்கள். ‘ராப்டு பிட்’ என்றே பெயரும் வைத்தார்கள். திருட்டை இவ்வளவு யோக்கியமாக ஒப்புக்கொண்ட இன்ஜினியர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. காதுக்குத் தெரியவா போகிறது?

காதுக்குத் தெரியவில்லை, பின்னால் குடிவந்த கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு பிட் போனாலும் குடி முழுகிவிடும். திருடன் ஆறு சுற்றுக்கு ஒருமுறைதான் வருவான், எந்தச் சுற்று என்றுதான் தெரியாது. ஆகவே எல்லாச் சுற்றிலும் எட்டாவது பானையை நம்பாமல், ஏழிலேயே சமைத்துக்கொண்டது. 64 ஆயிரம் 56 ஆயிரமான வைபவம் இதுதான்.

ஐரோப்பாக்காரர்கள் 32 அறை கட்டி, 30-ஐ வாடகைக்கு விட்டு, ஒன்றை வாசலுக்கும் ஒன்றைச் சேதிக்கும் ஒதுக்கிக்கொண்டார்கள். குரலை எண்ணாக்கும் விதியையும் வேறாக வைத்தார்கள். கடல் தாண்டிப் பேச்சு போகும்போது ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கூலி வேலை யாருக்கு? சர்வதேச ஒப்பந்தப்படி, அமெரிக்கப் பக்கத்துக்கு.