கையெழுத்து இருக்கட்டும் மாப்ளே, கணக்கைச் சொல்லு

வாடே மாப்ளே, உக்காரு. பொண்ணு கேக்க வாரவன் தட்டோட வருவான். ஜாமீன் கேக்க வாரவன் "மாமா, மூட்டுவலி எப்படி இருக்கு"ன்னு கேட்டுக்கிட்டே வருவான். நீ வாசப்படி ஏறும்போதே என் முட்டைத்தான் விசாரிச்சே. சரி, ஃபைலைக் குடு. பேத்தி என்ன படிக்கப் போறா? பிசியோதெரபியா? நல்ல படிப்புதான். கெட்ட படிப்புன்னு நான் எங்கடே சொன்னேன்?

இந்த வழவழ தாளு காலேஜ்காரன் குடுத்ததா? வெள்ளைக் கோட்டுல ஒரு பிள்ள சிரிக்கு, அதுக்குப் பின்னால ஏரோப்ளேன் வேற பறக்கு. '100 சதவீதம் வேலைவாய்ப்பு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். எத்தனை ரூபா சம்பளம்னு எங்கயாவது போட்டிருக்கானா, பாரு. இல்லைல்லா? அந்த இடம் வரும்போது மட்டும் அச்சாபீஸ்ல எழுத்து தீந்து போயிரும் போல.

மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பாக்கே, கன்னு எத்தனையாவது ஈத்துன்னு கேக்கே, ரெண்டு வேளை நின்னு பாலைக் கறந்து பாத்துட்டுத்தான் துண்டுக்குள்ள கையை விட்டு வெலை பேசுதே. 5 லட்ச ரூபா படிப்புக்குத் தரகன் வாங்கிக் குடுத்த காப்பியோட கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கே!

நான் அஞ்சாப்புதான். ஆனா வட்டிக்கணக்கு தெரியும். வருசத்துக்கு 1.25 லட்சம், நாலு வருசத்துக்கு 5 லட்சம், மொத்தமும் கல்விக்கடன். படிப்பு நாலு வருசம், இன்டர்ன்ஷிப் ஆறு மாசம்னு வச்சுக்கோ, அதுக்கு மேல ஒரு வருசம் வங்கிக்காரன் தவணை கேக்க மாட்டான். அதுக்குப் பேருதான் மாரட்டோரியம். தவணைதான் கேக்க மாட்டான், வட்டி தூங்காது. அதை உனக்கு எவனும் சொல்லியிருக்க மாட்டான். 10 சதவீதம்னு வச்சுக்கோ, சாதா வட்டியே போட்டாலும் மொதல் வருசம் வாங்கின பணத்துக்கு அஞ்சரை வருசம், கடைசி வருசம் வாங்கினதுக்கு ரெண்டரை வருசம். எல்லாத்தையும் கூட்டு. 2 லட்சம் வட்டி. பேத்தி மொத சம்பளம் வாங்குமுன்னாடியே 5 லட்சம் 7 லட்சமாயிட்டு.

இனிமேதான் தவணை. பத்து வருசத்துல அடைக்கணும்னா மாசம் 9,250 ரூபா. "மாமா, பதினஞ்சு வருசமா இழுத்துக்கிடலாம்"ம்பே. இழு. மாசத்துக்கு 7,500 சொச்சம். ஆனா கட்டி முடிக்கையில 13.5 லட்சம் போயிருக்கும். அதுக்குள்ள பேத்தி மகள் பள்ளிக்கூடம் போயிருப்பா.

சம்பளத்துக்கு வருவோம். நம்ம பக்கத்து ஊர்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரியில புதுசா வாரவங்களுக்கு 12,000, 15,000ன்னு குடுக்கான். ஒரு சில இடத்துல ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் வாங்கிப் பெட்டியில பூட்டிக்கிடுதான், ரெண்டு வருசம் ஓடிராம இருக்க. சரி, கவர்மென்ட்டுக்குப் போவோம்ம்பே. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கும்போது அறிவிப்பைப் படிச்சுப் பாரு, பிசியோதெரபிக்காரவங்களுக்கு 13,000ன்னு போட்டு வந்திருக்கு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல ஆரம்பிச்சாங்கல்லா, அதுல வீடு தேடி வந்து படுத்த படுக்கையா கெடக்கிறவங்க கையைக் காலை நீட்டி மடக்க வைக்கிறாங்களே, அந்தப் பிள்ளைக செய்யுத வேலைக்கு நாம கும்பிடு போடணும். கும்பிட்டை வங்கியில கட்ட முடியாது பாரு, அதான் சங்கடம்.

13,000-த்துல 9,250 போச்சுன்னா மிச்சம் 3,750. அதுல பஸ்ஸு, ஹாஸ்டலு, சாப்பாடு. மாசக் கடைசியில உனக்குத்தான் போன் வரும்.

வருமான வரியில கல்விக்கடன் வட்டிக்குக் கழிவு உண்டுன்னு தரகன் சொன்னானா? பழைய வரி முறையில உண்டு, எட்டு வருசம் வரைக்கும் உண்டு. வரி கட்டுத அளவுக்குச் சம்பளம் வந்தவனுக்கு உண்டு. வழுக்கைத் தலைக்குச் சீப்பு இனாம்.

அப்புறம் அந்த 'டாக்டர்' சங்கதி. பிசியோ படிச்சவங்க பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கிடலாம், பின்னாடி 'பி.டி.'ன்னு சேத்துக்கிடணும்னு 2025-ல புதுப் பாடத்திட்டத்துல வந்தது. செப்டம்பர்ல டெல்லியில இருந்து ஒரு கடுதாசி, போடக்கூடாதுன்னு. மறுநாளே இன்னொரு கடுதாசி, மொதக் கடுதாசியை வாபஸ் வாங்கிட்டோம்னு. ஒரே ராத்திரியில டாக்டர் பட்டம் போயி வந்துட்டு. சம்பளத்தைப் பத்தி இப்படி ரெண்டு கடுதாசி எவனாவது போட்டானா? போடலை.

பிசியோ வேண்டாம், லேப் டெக்னீசியனாக்கிருவோம்னு பாக்கியா? அங்க இன்னொரு கூத்து. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் லேப் டெக்னீசியன் கிரேடு 3-க்கு ஆள் எடுத்தப்போ கேட்ட படிப்பு, பிளஸ் டூவுக்கு மேல ஒரு வருச சர்ட்டிபிகேட் கோர்ஸ். லட்சம் லட்சமா கட்டி டிகிரி வாங்கினவனும் அந்தப் பிள்ளைகளும் ஒரே வேலைக்கு மோதணும். இதயத்தை நிறுத்தி வச்சு ஆபரேசன் பண்ணும்போது மெசினை ஓட்டுத பெர்ஃபியூசன் படிப்பு பெரிய படிப்புதான். ஆனா நம்ம தாலுகாவுல எவன் நெஞ்சைத் தொறந்து ஆபரேசன் பண்ணுதான்? மதுரை, கோயம்புத்தூர், சென்னைன்னு போகணும். போனா வாடகை. டயாலிசிஸ் அப்படி இல்ல, சின்ன ஊர்லயும் மெசின் வந்துட்டு. வேலை எந்த ஊர்ல கெடக்குன்னு பாத்துட்டுப் படிப்பைப் பாக்கணும்டே.

இதையெல்லாம் கேட்டுட்டு இந்தப் படிப்பே வேண்டாம்னு எழுந்திரிச்சுப் போயிராதே. என் முட்டை நீட்டி மடக்க வைக்க ஒரு பையன் வந்தான். ஒரு தடவைக்கு 400 ரூபா. காலையில ஆஸ்பத்திரி, சாயங்காலம் ஆனா பைக்கை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போவான். பக்கவாதக்காரர் ஒருத்தர், இடுப்பு எலும்பு முறிஞ்ச ஆச்சி ஒருத்தி, கடைசியில நான். வலிக்குன்னு நான் கத்தினா, "தாத்தா, இன்னும் அஞ்சு எண்ணுங்க"ம்பான். நானும் நாலுல நிறுத்திப் பாத்தேன், அவன் விடலை. கைராசிக்காரன்னு பேரு எடுத்துட்டான், இப்போ வரச் சொன்னா நாள் குறிச்சுச் சொல்லுதான். அந்தப் பேரு வர அவனுக்கு நாலஞ்சு வருசம் ஆச்சாம். வளைகுடாவுக்குப் போகணும்னாலும் ரெண்டு வருச அனுபவம் கேப்பான், புரோமெட்ரிக் பரீட்சை கேப்பான், சர்ட்டிபிகேட்டைச் சரிபாக்கக் காசு கேப்பான். தொழில் சம்பாதிச்சுக் குடுக்கும் மாப்ளே, மெதுவாக் குடுக்கும். வங்கிக்காரன் தவணை மொத மாசமே முழுசா நிக்கும். அந்த நாலஞ்சு வருசத்தைத் தாண்டுத மாதிரி கடன் இருந்தா வாங்கு.

அதுக்கு எவ்வளவு வாங்கலாம்ன்னா, மொத வருசச் சம்பளத்துல நாலுல ஒரு பங்கு தவணையாப் போனா மூச்சு விடலாம். 14,000 சம்பளத்துக்கு 3,500. பத்து வருசத் தவணைன்னா 2.65 லட்சம், அதுவும் வட்டியெல்லாம் சேத்து. இது என் கணக்கு, சட்டம் இல்ல. நீ வங்கியில கேட்டது எவ்வளவு? அதான் பாத்தேன்.

இன்னொண்ணு கேளு. நம்ம வீட்டு வருமானம் வருசத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ளதானே? படிக்குத காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுத திட்டம் ஒண்ணு இருக்கு. எல்லாக் காலேஜுக்கும் கெடையாது. உன் காலேஜுக்கு உண்டான்னு தரகன்கிட்ட கேக்காதே, வங்கியில கேளு. அப்புறம் இந்த ஜாமீன் கையெழுத்து. 7.5 லட்சம் வரைக்கும் கல்விக்கடனுக்கு நெலமும் வேண்டாம், மூணாம் மனுசன் கையெழுத்தும் வேண்டாம்னு கடன் உத்தரவாத நிதி 2015-லயே வந்தாச்சு. மேனேஜர்கிட்ட அந்தப் பேரைச் சொல்லிப் பாரு, நாற்காலியில நிமுந்து உக்காருவாரு. ஆக, என் முட்டை விசாரிச்சதெல்லாம் வீண்தான் மாப்ளே.

அது சரி, பேத்தி பிளஸ் டூவுல நல்ல மார்க்குதானே எடுத்திருக்கா? திருச்சியில அரசு பிசியோதெரபி காலேஜ் இருக்கு, சென்னை கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு. சில ஆயிரத்துல வருசம் ஓடிரும். தனியார் காலேஜ்லயே அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அரசுக் கமிட்டி வச்ச கட்டணம்தான். கலந்தாய்வுக்குப் போட்டியாடே? பொம்பளப் பிள்ளையை அம்புட்டு தூரம் எப்படி அனுப்பன்னு பேசாம இருந்துட்டே, அப்படித்தானே? பக்கத்து ஊர்னு நீ கட்டப் போற 5 லட்சத்துக்குப் பிள்ளையைப் பாக்க வாராவாரம் திருச்சிக்கு ஏசி பஸ்ஸுல போயிட்டு வரலாமே.

முழிக்காதே. அவ போன வாரமே இங்க வந்தா. உக்காந்து விசயம் எல்லாம் சொன்னா, உன்னைத் தவிர எல்லார்கிட்டயும் கேட்டுட்டா போல. ரெண்டு பேரும் பேங்குக்கு எதித்தாப்புல உள்ள நெட் சென்டர்ல போய்க் கலந்தாய்வுக்குப் பதிஞ்சாச்சு. பணம் நான்தான் கட்டினேன். ரசீதை இந்தா பிடி, அதுல உள்ள தொகையை நாளைக்கு எண்ணி வச்சிரு. உனக்கெல்லாம் மாரட்டோரியம் கெடையாது.