ஈத்0-வுக்குக் கோப்பு எங்கே? – லினக்ஸ் கேள்வி-பதில்

நெட்வொர்க் கார்டின் அமைப்புகளை லினக்ஸ் கெர்னல் எப்படிக் காட்டுகிறது, யாரை மாற்ற விடுகிறது என்பது பற்றிய கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

பொறியியல் கல்லூரி மாணவி: யூனிக்ஸில் எல்லாமே கோப்புதான் என்கிறார்கள். ஹார்டு டிஸ்க்குக்கு /டெவ்/எஸ்டிஏ இருக்கிறது, மவுஸுக்கும் ஒன்று இருக்கிறது. /டெவ்/ஈத்0 எங்கே சார்?

எங்கேயும் இல்லை, தேடி அலைய வேண்டாம். டிஸ்க்கில் எழுதியது எழுதிய இடத்தில் கிடக்கும். யார் எப்போது படித்தாலும் அதே பைட்டுகள்தான். நெட்வொர்க் கார்டுக்குள் வந்து விழும் பாக்கெட் அப்படிக் கிடக்காது. பிரவுசருக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, கடிகாரத்தைச் சரிசெய்யும் புரோகிராமுக்கு ஒன்று என்று எல்லாம் கலந்து வரும். அதை ஒரே கோப்பாகத் திறந்து வைத்தால் யாருடைய பாக்கெட்டை யார் எடுப்பது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி, இதற்கு சாக்கெட் என்ற தனி வழியைக் கொடுத்தது. லினக்ஸும் அதே வழியில்தான் போகிறது.

ஆனால் கோப்பாகவே வைத்திருக்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். பெல் லேப்ஸில் கென் தாம்ப்ஸன், ராப் பைக் இருந்த குழு பின்னர் உருவாக்கிய பிளான் 9-ல், டிசிபி இணைப்பு வேண்டுமென்றால் /நெட் டைரக்டரிக்குள் இருக்கும் ஒரு கோப்பைத் திறந்து, முகவரியைச் சாதாரண எழுத்தில் எழுதினால் போதும். அழகு அங்கே போய்ச் சேர்ந்தது, கூட்டம் இங்கேயே நின்றுவிட்டது.

அதே மாணவி: கோப்பு இல்லையென்றால் கார்டின் அமைப்பை எப்படித்தான் மாற்றுவது?

கெர்னலுக்குள் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் நெட்_டிவைஸ் என்ற ஒரு பதிவு உண்டு. பெயர், எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), மேக் முகவரி, கார்டு ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான். அந்த ஒரே சன்னதிக்கு நான்கு வாசல்: ஐஆக்டல், ப்ராக், சிஸ்எஃப்எஸ், நெட்லிங்க். வெவ்வேறு காலத்தில் கட்டியவை. ப்ராக் தவிர்த்த மூன்றில் எந்த வாசலில் நுழைந்து எம்டியூவை மாற்றினாலும் மாறுவது அதே எண்தான்.

மூத்தது ஐஆக்டல். ஏதாவது ஒரு சாக்கெட்டைத் திறந்து, இன்டர்ஃபேஸின் பெயரையும் புதிய மதிப்பையும் ஒரு சின்னக் கட்டமைப்பில் நிரப்பி, என்ன வேலை என்பதற்கான எண்ணோடு கெர்னலிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டமைப்பில் பெயருக்கு ஒதுக்கிய இடம் 16 பைட். முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்கு ஒன்று போனால் மிச்சம் 15. இன்டர்ஃபேஸுக்கு நீளமான பெயர் வைக்க முயன்று திட்டு வாங்கியவர்களுக்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். மாற்றுப்பெயர் என்று தனியாக வைத்தால் 127 எழுத்து வரை போகலாம், 5.5 கெர்னலில் வந்த வசதி அது.

சிஸ்டம் அட்மின் வேலை தேடுபவர்: ஐஎஃப்கான்ஃபிக் செத்துவிட்டதா?

சாகவில்லை, ஓய்வு பெற்றுவிட்டது. 2017-ல் வந்த டெபியன் 9 முதல் அதைத் தானாக நிறுவுவதில்லை. ஆனால் அது தட்டும் ஐஆக்டல் வாசலை கெர்னல் இன்னும் மூடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை கெர்னல் மாற்றம் உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு கறார் என்பது அந்த உலகில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் நேர்காணலுக்கு ஐபி கட்டளையைப் படித்துக்கொண்டு போங்கள். ஐபி கட்டளை மூலம் ஒரே கார்டில் இரண்டாவது ஐபிவி4 முகவரியைச் சேர்த்தால், தனிப் பெயர் கொடுக்காதவரை ஐஎஃப்கான்ஃபிக் கண்ணுக்கு அது தெரியாது. இல்லாத முகவரியைத் தேடுவதைவிடக் கொடுமை, இருக்கும் முகவரி தெரியாமல் தவிப்பது.

பாலிடெக்னிக் ஆசிரியர்: மாணவர்களுக்குக் காட்ட எந்த வாசல் நல்லது?

சந்தேகமே வேண்டாம், சிஸ்எஃப்எஸ். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு பரவலான இதை உருவாக்கியவர் பேட்ரிக் மோச்செல். /சிஸ்/கிளாஸ்/நெட் டைரக்டரிக்குள் போகச் சொல்லுங்கள். இன்டர்ஃபேஸுக்கு ஒரு டைரக்டரி. அதற்குள் எம்டியூ, ஸ்பீட், டூப்ளெக்ஸ், கேரியர், ஆப்பர்ஸ்டேட் என்று கோப்புகள். ஒரு கோப்புக்கு ஒரே மதிப்பு என்பதுதான் அங்கே சட்டம். கேட் கட்டளை தெரிந்த பிள்ளை போதும், கெர்னலோடு நேரடியாகப் பேசலாம். ஈத்தர்நெட்டின் எம்டியூ பொதுவாக 1500, லூப்பேக்கின் எம்டியூ 65536. இந்த இரண்டையும் அருகருகே காட்டிவிட்டு ஏன் என்று கேளுங்கள். ஒரு வகுப்பு அதிலேயே ஓடும். வயரில் போகாத பாக்கெட்டுக்கு வயரின் அளவு எதற்கு என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லியே தீரும்.

இன்னொன்றும் காட்டுங்கள். அங்கே கோப்புகளின் அளவு வழக்கமான பிசியில் 4096 பைட் என்று வரும். உள்ளே இருப்பதோ நான்கு இலக்கம். பொய்க் கணக்கு இல்லை. அந்தக் கோப்பு டிஸ்க்கிலேயே கிடையாது. நீங்கள் படிக்கும் நொடியில் கெர்னலுக்குள் ஒரு ஃபங்ஷன் ஓடி, நினைவகத்தின் ஒரு பக்கத்தில் பதிலை எழுதித் தருகிறது. அந்தப் பக்கத்தின் அளவுதான் 4096.

அனுபவஸ்தர் ஒருவர்: கேரியர் கோப்பைப் படித்தால் 0 அல்லது 1 வரும் என்றார்கள். எனக்கு 'இன்வாலிட் ஆர்கியூமென்ட்' என்று வருகிறது. கார்டு போய்விட்டதா?

கார்டு நன்றாக இருக்கிறது. நீங்கள் இன்டர்ஃபேஸை ஆஃப் செய்து வைத்திருக்கிறீர்கள். அந்த நிலையில் கேபிள் மாட்டியிருக்கிறதா இல்லையா என்று கெர்னலால் உறுதியாகச் சொல்ல முடியாது. 0 என்று சொன்னால் கேபிள் இல்லை என்று நீங்கள் எழுந்து போய்ப் பார்ப்பீர்கள். அதனால் பதிலே சொல்ல மறுக்கிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஐபி லிங்க் கட்டளையில் இன்டர்ஃபேஸை அப் செய்துவிட்டுப் படியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: அட்ரஸ் என்ற கோப்பைத் திறந்தால் ஐபி முகவரியே இல்லையே?

அது மேக் முகவரி. சிஸ்எஃப்எஸ்ஸில் ஐபி முகவரி கிடைக்காது. ஒரு கார்டுக்கு எத்தனை ஐபி வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்ற சட்டத்துக்குள் அது அடங்காது. அதற்கு நெட்லிங்க்.

புரோகிராமர்: சிஸ்எஃப்எஸ் இவ்வளவு எளிது என்றால் நெட்லிங்க் எதற்கு?

மனிதருக்கு எளிதாக இருப்பது புரோகிராமுக்கு ஆபத்தாகலாம். டைரக்டரியில் பெயர்களைப் பட்டியல் எடுத்துவிட்டு ஒவ்வொரு கோப்பாகத் திறக்கும் இடைவெளியில், யாராவது யூஎஸ்பி கார்டைப் பிடுங்கிவிடலாம், வேறு புரோகிராம் பெயரை மாற்றிவிடலாம். நெட்லிங்கில் ஒரு கேள்வி அனுப்பினால் ஒரு இன்டர்ஃபேஸின் விவரம் முழுவதும் ஒரே செய்தியில் வரும். செய்திக்குள் ஒவ்வொரு தகவலும் தன் நீளத்தையும் வகையையும் சொல்லிக்கொண்டு வருவதால், புதிய கெர்னல் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் பழைய புரோகிராம் அதைத் தாண்டிப் போய்விடும். ஐஆக்டலில் அளவு உறைந்த கட்டமைப்பு. அங்கே இடம் இல்லையென்றால் இல்லைதான்.

எல்லாவற்றையும்விட, கேட்காமலே சொல்வது நெட்லிங்க் மட்டும். ஐபி மானிட்டர் என்று தட்டிவிட்டுக் கேபிளைப் பிடுங்குங்கள். அடுத்த கணம் திரையில் வரி வரும். அலெக்ஸி குஸ்னெட்சோவ் எழுதிய ஐபிரூட்2 தொகுப்பு பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் பேசுகிறது. நெடுநாள் ஐஆக்டலையே நம்பியிருந்த ஈத்டூலுக்கும், 2020-ல் வந்த 5.6 கெர்னலில் நெட்லிங்க் பாதை போட்டார்கள். புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் இதில்தான் எழுத வேண்டும்.

வீட்டிலேயே ரவுட்டர் செய்பவர்: சூடோ போட்டு எக்கோ 1 என்று ஐபி_ஃபார்வர்ட் கோப்பில் எழுதினாலும் 'பெர்மிஷன் டினைட்'. ரூட்டுக்கே அனுமதி இல்லையா?

எக்கோவுக்கு ரூட் அதிகாரம் கிடைத்தது. கோப்பைத் திறந்தது எக்கோ இல்லை. '>' குறி போட்டதும் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், அது சாதாரணப் பயனராகவே நிற்கிறது. எக்கோவின் வெளியீட்டை பைப் வழியாக சூடோ டீ கட்டளைக்கு அனுப்புங்கள். அல்லது சிஸ்சிடிஎல் கட்டளை.

ஐபி_ஃபார்வர்ட் இருக்கும் ப்ராக் வாசலில் ஒரு எச்சரிக்கை. இன்டர்ஃபேஸ்வாரி அமைப்புகள் இருக்கும் கான்ஃப் டைரக்டரியில் ஆல், டீஃபால்ட் என்று இரண்டு பெயர்கள் கூடுதலாக இருக்கும். டீஃபால்ட் என்பது இனிமேல் பிறக்கப்போகும் இன்டர்ஃபேஸுக்கு. ஆல் என்பது எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஐபி ஃபார்வர்டிங்கில் அப்படித்தான். பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கும் ஆர்பி_ஃபில்டரிலோ ஆல் மதிப்பு, கார்டின் மதிப்பு இரண்டில் எது பெரியதோ அதுவே செல்லும். ஆல் 1, ஈத்0 0 என்று வைத்தால் ஈத்0-விலும் 1 தான். அமைப்புக்கு அமைப்பு இந்த விதி மாறும். மொத்த ஏற்பாட்டில் மோசமாக வடிவமைக்கப்பட்ட மூலை இதுதான் என்பது என் கருத்து. கெர்னலோடு வரும் ஆவணத்தைப் பார்க்காமல் அங்கே கை வைக்காதீர்கள்.

கெர்னலுக்கு மறதி உண்டா?

உண்டு. ஒரு ரீபூட் போதும். நான்கு வாசலில் எதில் மாற்றினாலும் அது நினைவகத்தில் மட்டும். மறுபடி பூட் ஆகும்போது நினைவுபடுத்துவது நெட்வொர்க்மேனேஜர், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி போன்றவற்றின் வேலை.

பழைய 32-பிட் போர்டு வைத்திருப்பவர்: பத்து ஜிபி இறக்கினேன், கவுன்டர் ஒன்றரை ஜிபி என்கிறது. மிச்சம் எங்கே?

சுற்றிவிட்டது. 32-பிட் கவுன்டர் 4,29,49,67,295 வரை எண்ணும், பிறகு பூஜ்யம். ஒரு கிகாபிட் வேகத்தில் முழுதாக ஓடினால் 34 விநாடியில் ஒரு சுற்று. உங்கள் பத்து ஜிபிக்கு இரண்டு சுற்று போயிருக்கும். இப்போதைய கெர்னலில் இந்தக் கவுன்டர்கள் 64-பிட். டிரைவரும் ஒத்துழைத்தால், அதே வேகத்தில் ஒரு சுற்று முடிய 4,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஈத்0 என்ற நல்ல பெயரை இஎன்பி3எஸ்0 என்று மாற்றியது யார்?

சிஸ்டம்டி, 2013-ல். டிரைவர் முதலில் கண்டுபிடித்த கார்டுக்கு ஈத்0, அடுத்ததற்கு ஈத்1 என்பது கெர்னலின் வழக்கம். இரண்டு கார்டு இருந்தால் ஒரு ரீபூட்டில் வரிசை மாறலாம். இன்டர்நெட் பக்கத்துக்குப் போட்ட ஃபயர்வால் விதி அலுவலகப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். புதிய பெயர் இடத்தைச் சொல்கிறது: ஈத்தர்நெட், பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0. அழகில்லைதான், ஆனால் ஹார்டுவேரை மாற்றாதவரை சொன்ன சொல் மாறாது.

ஆப் எழுதும் இளைஞர்: ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே? என் ஆப்பால் /ப்ராக்/நெட்-ஐ ஏன் படிக்க முடியவில்லை?

ஆண்ட்ராய்டு 10 முதல் ஆப்களுக்கு அந்த வாசல் அடைப்பு. போனில் எந்த இணைப்பு எங்கே போகிறது என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. ஒருவர் எந்த வங்கி, எந்த மருத்துவமனையின் சர்வரோடு பேசுகிறார் என்பதை டார்ச்லைட் ஆப் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கணினியில் திறந்து வைத்ததும் சரி, போனில் மூடியதும் சரி.

வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆனவர்: வெளியூர் சர்வரின் ஐபி முகவரியை எஸ்எஸ்ஹெச் வழியாகவே மாற்றச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய வேலைதான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையை நீங்களே தொடுகிறீர்கள். கெர்னலின் மறதியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஷட்டவுன் கட்டளையில் 15 நிமிடம் கழித்து ரீபூட் என்று போடுங்கள். பிறகு ஐபி கட்டளையில் மட்டும் மாற்றுங்கள், எந்த அமைப்புக் கோப்பிலும் சேமிக்க வேண்டாம். இணைப்பு அறுந்து, புதிய முகவரியிலும் நுழைய முடியாவிட்டால் காத்திருங்கள்; சர்வர் ரீபூட் ஆகிப் பழைய முகவரியோடு எழுந்து வரும். அறுந்தாலும் அறுபடாவிட்டாலும் புதிய முகவரியில் ஒரு லாகின் செய்து பாருங்கள். இதை முதல் பத்து நிமிடத்துக்குள் செய்துவிட வேண்டும், ரீபூட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே சிஸ்டம்டி புதிய லாகின்களைத் தடுக்க ஆரம்பித்துவிடும். எல்லாம் சரி என்றால் அமைப்புக் கோப்பில் சேமித்துவிட்டு, ஷட்டவுன் -சி கொடுத்து ரீபூட்டை ரத்து செய்யுங்கள். அந்தக் கடைசிக் கட்டளையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.