மெஜந்தா கொஞ்சம் தூக்கல்

பிரஸ் அண்ணாச்சி ஊர் சுற்றிப் பார்க்க ஐரோப்பா போகமாட்டார். துருபாவுக்குப் போவார். ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரத்தில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற அச்சு இயந்திரக் கண்காட்சி அது. சிவகாசியில் நாலு கலர் ஆப்செட் வைத்திருக்கிறவர் "துருபா போயிட்டு வந்தேன்" என்று சொல்ல முடியாவிட்டால் சங்கக் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாது. 2020 கண்காட்சியைக் கொரோனா விழுங்கிவிட்டது. 2024 மே கடைசியில் மறுபடி நடந்தபோது அண்ணாச்சிக்கு எட்டு வருடப் பசி.

போன இடத்தில் புது மெஷினின் விலையை யூரோவிலிருந்து ரூபாய்க்கு மாற்றிப் பார்த்ததுமே பசி அடங்கிவிடும். "நம்ம செகண்ட் ஹேண்டே போதும்" என்ற முடிவு இரண்டாம் நாள் மத்தியானம் வந்துவிடுகிறது. விமானத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. கிண்டியில் பிரிண்டிங் டெக்னாலஜி படித்த மகன் மெதுவாகக் கேட்பான்:

"அப்பா, பக்கத்துல கொலோன். ரயில்ல அரை மணி நேரம். மியூசியமாப் பாக்கலாம்."

"அங்கன என்னடா இருக்கு?"

"ஓடிகொலோன் அந்த ஊருதான்ப்பா."

காய்ச்சலுக்கு ஈரத்துணியில் நனைத்து நெற்றியில் போடுகிற ஓடிகொலோனா! அம்மாவுக்கு ஒரு பாட்டில் வாங்கின மாதிரியும் ஆச்சு என்று அண்ணாச்சி கிளம்பிவிடுவார். தோள்பையில் சாத்தூர் சேவு. ஸ்வெட்டருக்குள் வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் லூப்.

லூப் என்பது அச்சுப் புள்ளி பார்க்கிற மடக்குக் கண்ணாடி. நாலு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அண்ணாச்சியிடம் கல்யாணப் பத்திரிகை நீட்டினால் முகூர்த்தம் எப்போது என்று பார்க்கமாட்டார். ரெஜிஸ்டர் சரியா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு, "எங்க அடிச்சீங்க?" என்று கேட்பார். பெண்வீட்டார் முகம் வாடிவிடும்.

கொலோன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தலைக்கு மேலே பேராலயம் நிற்கிறது. உயரம் 157 மீட்டர். 1248-ல் ஆரம்பித்து 1880-ல் முடித்தார்கள். நடுவில் சுமார் 280 வருடம் வேலை அப்படியே நின்றுபோனது என்று மகன் போனைப் பார்த்து வாசிக்கிறான்.

"அட்வான்ஸ் தீந்திருக்கும்" என்றார் அண்ணாச்சி. "ஆனா அறுநூத்தி முப்பது வருசம் லேட்டு. பார்ட்டி எப்புடிடா விட்டான்?"

உள்ளே கெரார்ட் ரிக்டர் வடிவமைத்து 2007-ல் வைத்த ஜன்னல். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்கள், 72 நிறங்கள். அதில் சாமியும் இல்லை, ஆளும் இல்லை. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "இங்க் கம்பெனிக்காரன் ஷேடு கார்டுல்லா இது!" ரிக்டரின் பழைய ஓவியங்களில் ஒரு வரிசை உண்மையிலேயே பெயிண்ட் கடை ஷேடு கார்டைப் பார்த்து வரைந்தவை. கலை விமர்சகர்கள் பக்கம்பக்கமாக எழுதிச் சொன்னதை அண்ணாச்சி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அடுத்தது வால்ராஃப் மியூசியம். ரூபன்ஸ் வரைந்த 'ஜூனோவும் ஆர்கசும்'. மயில் நிற்கிறது. "மயிலு இருக்கு, முருகன எங்க?" என்று தேடினார். ஜூனோ உடுத்தியிருக்கிற சிவப்புக்கு, "மெஜந்தா கொஞ்சம் தூக்கல்" என்று தீர்ப்பாயிற்று. பக்கத்து அறையில் கிழ ரெம்பிராண்ட் தன்னைத்தானே வரைந்துகொண்டு இருட்டுக்குள்ளிருந்து சிரிக்கிறார். கறுப்பு ஏகத்துக்கு ஏறியிருக்கிறது என்று அண்ணாச்சிக்குக் குறை. "இவரு 1656-ல திவாலானவருப்பா" என்றான் மகன். அண்ணாச்சி குரலை இறக்கி, "திவாலாயும் சிரிக்காருன்னா பெரிய ஆளுதான்" என்றார்.

அவர் நின்றுபோனது ஸ்டெஃபான் லோக்னரின் மாதா படத்துக்கு முன்னால். ரோஜாக் கொடிப் பந்தலுக்குக் கீழே மாதா, மடியில் குழந்தை, பின்னணி முழுக்கத் தங்கத் தகடு, சுற்றிலும் வாத்தியம் வாசிக்கிற குட்டித் தேவதைகள், மேலே இரண்டு தேவதைகள் திரையை விலக்கிப் பிடித்திருக்கிறார்கள். 1440-களின் தொடக்கத்தில் வரைந்தது. அளவு சுமார் 20-க்கு 16 அங்குலம்தான். அண்ணாச்சி முதலில் கும்பிட்டார். பிறகு லூப்பை எடுத்து விரித்தார். காவலர் ஓடி வந்தார். லூப் பைக்குள் போனது. அப்புறமும் இருபது நிமிடம் நகரவில்லை.

"டேய், இது நம்ம அயிட்டம்டா. நடுவுல தாயி, தலைக்குப் பின்னால ஒளிவட்டம், ரெண்டு பக்கமும் ஆளு, கீழ புல்லும் பூவும், மேல திரை. கோல்டு ஃபாயில் வேற. கீழ ஆறு இஞ்சு விளம்பரத்துக்கு விட்டிருந்தான்னா அப்புடியே ஜவுளிக்கடை காலண்டர். வரைஞ்சவர்ட்ட காப்பிரைட் பேசலாமா?"

"அவரு 1451-லயே செத்துட்டாருப்பா."

அண்ணாச்சி முகத்தில் துக்கமும் நிம்மதியும் ஒருசேர ஓடின. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகவேண்டும். வேளாங்கண்ணி வரிசைக்கு ஒரு டிசைன் இனாமாகக் கிடைத்துவிட்டது.

லுட்விக் மியூசியத்தில்தான் சண்டை வந்தது. லிக்டன்ஸ்டைன் 1965-ல் வரைந்த பெண். முகமெல்லாம் கடலைப் பருப்புப் பருமனில் புள்ளி. "இப்புடி அடிச்சுக் குடுத்தா மெஷின்மேன் சம்பளத்தப் புடிச்சிருவேன்" என்றவரிடம், அது துளைத் தகடு வைத்துக் கையால் போட்ட புள்ளி என்று மகன் விளக்கினான். "புள்ளி தெரியக் கூடாதுன்னுதான்டா நாம கோடிக்கணக்குல கடன் வாங்கி மெஷின் போடுறோம். இவன் உக்காந்து கையால வைக்கானா?" வார்ஹோலின் பிரில்லோ பெட்டிகளைப் பார்த்ததும் கோபம் தணிந்தது. ஒட்டுப்பலகைப் பெட்டியில் சில்க் ஸ்கிரீன், 1964. கடையில் விற்ற அசல் அட்டைப்பெட்டியை வடிவமைத்த ஜேம்ஸ் ஹார்வியும் ஓர் ஓவியர்தான். பேர் வாங்கியது வார்ஹோல். "லேபிள் போட்டவனுக்கு எந்த ஊர்லயும் பேரு கெடையாது" என்றார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்தே அச்சுத் தொழிலில் வளர்ந்த ஊர்க்காரர். சொல்ல உரிமை உண்டு.

ஆனால் அவருக்கு உண்மையான மியூசியம், வாசலில் இருக்கிற கடை. சுவர்க் காலண்டரைத் தொட்டுப் பார்த்தே "இது 170 ஜிஎஸ்எம்" என்றார். பின்னால் திருப்பி எங்கே அச்சடித்தது என்று பார்த்தார். விலையைப் பார்த்தார். மடக்கினார், விரித்தார், முகர்ந்தும் பார்த்தார். கடைப் பெண் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓடிகொலோன் வாங்க நேரமில்லாமல் போயிற்று.

என் கட்சி அண்ணாச்சி கட்சிதான். காதில் கருவி மாட்டிக்கொண்டு படத்துக்கு அரை நிமிடம் கொடுத்து நகர்கிற கூட்டத்தில், கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர். அவர்மேல் எனக்கு ஒரே ஒரு வழக்கு. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்டபோது ஜெர்மனியிலிருந்து மெஷின் வந்தது என்று அண்ணாச்சி மேடையில் பேசுவார். பக்கத்துக் கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ வைத்திருந்த கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும்தான் சிவகாசி காலண்டருக்குச் சோறு போட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். 1976-ல் மறைந்த அந்த மனிதரின் கைப்பட்ட மூலப்படம் ஒன்று, அப்பா காலத்தில் வாங்கியது, அண்ணாச்சியின் கிட்டங்கியில் பழைய பிளேட்டுகளுக்கு நடுவே சுருட்டிக் கிடக்கிறது. அதை லூப் வைத்துப் பார்க்கக் காவலர் யாரும் தடுக்கமாட்டார்.

அண்ணாச்சிமாரே, பொங்கல் கழிந்து சீசன் ஓய்ந்ததும் ஒருநாள் கிட்டங்கியைத் திறங்க. கரையானைத் தட்டுங்க, படத்தை விரிங்க, விருதுநகர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் கேட்டுப் பாருங்க. யார் வரைந்தது, எந்த வருடம் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்க. பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும், உங்களுக்குத் தெரியாததா?